வளரும் நாடுகளின் வளர்ச்சிக்கு அந்நாட்டுப் பெரிய நிறுவனங்கள் எந்த அளவுக்குக் காரணம்?

ஓரளவுக்குத்தான். அரசு தந்த சலுகைக்கு ஈடாக அந்த நிறுவனத்திடம் என்ன கேட்கப்பட்டது என்பதைப் பொறுத்து அந்த அளவு கூடும், குறையும்.

தென் கொரியாவில் 1960களிலிருந்து இருந்த ஏற்பாடு இது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் வங்கி, பணத்துக்கு உறுதி சொல்லி எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்) என்ற கடிதத்தை அனுப்பும். அதைக் காட்டினாலே போதும், உள்ளூர் வங்கி சலுகை வட்டியில் கடன் தந்துவிடும். ஆர்டர் இல்லையென்றால் அந்தக் கடனும் இல்லை. அந்த எல்.சி.யை வைத்தே ஏற்றுமதியாளர் தன் உள்ளூர் சப்ளையர் பெயரில் இன்னொரு எல்.சி. திறக்கலாம். நூலோ உதிரி பாகமோ தரும் சின்ன ஆலையும் அதைக் காட்டி அதே சலுகைக் கடனை வாங்கிக்கொள்ளும். பெரிய கம்பெனிகளின் பெயரைச் சொல்பவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்வதே இல்லை. பலன் கீழே இறங்கியது இந்த வழியாகத்தான்.

தென் கொரிய எஃகு நிறுவனமான போஸ்கோ 1968இல் தொடங்கியது. அந்த எஃகு ஆலைத் திட்டம் லாபகரமாக இருக்காது என்று உலக வங்கி ஒதுங்கிக்கொண்டது. 1965இல் கொரியாவும் ஜப்பானும் உறவைச் சீராக்கச் செய்த ஒப்பந்தப்படி ஜப்பான் தந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு ஆலையைக் கட்டினார்கள். 1973இல் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் திறனோடு அது ஓடத் தொடங்கியது. கப்பல் தளங்களுக்கும் கார் ஆலைகளுக்கும் எஃகு உள்நாட்டிலேயே கிடைத்தது.

மலேசியாவின் புரோட்டான் 1983இல் தொடங்கி, மிட்சுபிஷி தொழில்நுட்பத்தில் 1985இல் சாகா காரைக் கொண்டுவந்தது. இறக்குமதிக் கார்களுக்குக் கடும் வரி. எனவே உள்நாட்டில் போட்டி குறைவு. கொரியாவும் வெளிநாட்டுக் கார்களுக்குக் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தது, ஆனால் ஹூண்டாய் வெளியே விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்தது. 1986இல் அதன் எக்செல் கார் அமெரிக்காவுக்கே போனது. புரோட்டானும் ஏற்றுமதி செய்தது, ஆனால் அதன் பிழைப்பு உள்ளூர்ச் சந்தையில்தான். 2017இல் அதன் 49.9% பங்கு சீனக் கார் நிறுவனமான கீலியின் கைக்குப் போனது. சந்தை சிறியதாக இருந்தால் உற்பத்தி எண்ணிக்கை ஏறாது, பாகங்களை வடிக்கும் அச்சுகளுக்கு ஆகும் செலவு ஒரு காருக்கு இவ்வளவு என்பது குறையாது, சப்ளையர்களுக்கும் புது இயந்திரம் வாங்கத் துணிவு வராது.

எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. 1969இல் பிரேசில் அரசு தொடங்கிய எம்பிரேயர், எஞ்சினை வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு, விமான வடிவமைப்பையும் இறுதிப் பொருத்தலையும் தன் கையில் வைத்துக்கொண்டது.

கொரிய வழிக்கும் விலை இருந்தது. அரசு கைவிடாது என்ற நம்பிக்கையில் பெரிய குழுமங்கள் சொந்த மூலதனத்தைப்போலப் பல மடங்கு கடன் வாங்கின. ஒரு கம்பெனியின் கடனுக்கு அதே குழுமத்தின் இன்னொரு கம்பெனி ஜாமீன். 1997இல் ஹான்போ ஸ்டீல் கடனில் விழுந்தது, பிறகு கார் நிறுவனமான கியா, 1999இல் டேவூ குழுமம்.

ஒரு நிறுவனம் நாட்டுக்குப் பயன்படுகிறதா என்று பார்க்க, அதன் விற்பனைத் தொகையைவிட அதன் சப்ளையர்களின் வாடிக்கையாளர் பட்டியலே உதவும். பத்து ஆண்டுகள் கழித்தும் அவர்கள் அந்த ஒரே கம்பெனிக்கு மட்டும் பாகம் தந்துகொண்டிருந்தால், கற்றுக்கொண்டது குறைவு என்றே வைத்துக்கொள்ளலாம்.