சுப்பீரியர் ஏரிக்கரைக் காடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் சுப்பீரியர் ஏரியின் வடகரையில் ஜூலைத் தொடக்கத்தில் படகோட்டப் போகிறோம். கோடைதானே, படகு கவிழ்ந்தால் நீந்திக் கரையேற முடியாதா?

பதில்: நீச்சலை நம்பிப் போகாதீர்கள். 82,100 சதுர கிலோமீட்டர் பரப்பு, 406 மீட்டர் வரை ஆழம். இவ்வளவு தண்ணீர் சூடேறுவதற்குள் கோடையே முடிந்துவிடும். அந்த மாதத்தில் கரையை விட்டு விலகினால் 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழேதான் இருக்கும். விழுந்ததும் மூச்சு தானாக இழுத்து வாங்கும். அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். மூச்சு அடங்க ஏறக்குறைய 1 நிமிடம் ஆகும். அதன்பின் கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். அதற்குள் படகின் மேல் ஏறிவிட வேண்டும். மிதவைச் சட்டையைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் மாட்டியிருங்கள். விரிகுடாக்களைக் காற்று கிளம்பும் முன், காலையிலேயே கடந்துவிடுங்கள்.

கேள்வி: மூஸ் மான் குளத்தில் தலையை முக்கிக்கொண்டு நிற்கிறதே, கொசுத் தொல்லையாலா?

பதில்: அதுவும் உண்டு, ஆனால் முக்கியக் காரணம் உப்பு. குளிர்காலம் முழுக்க அது தின்னும் குச்சியிலும் ஊசியிலையிலும் சோடியம் மிகக் குறைவு. நீர்த்தாவரங்களில் பல மடங்கு அதிகம். அந்தப் பற்றாக்குறையைக் கோடையில் ஈடுகட்டுகிறது. ஆகவே மூஸைப் பெரிய ஏரியில் தேடாதீர்கள். அலை அறையும் பாறைக்கரையில் செடி வேர் பிடிக்காது. உள்ளே இருக்கும் சிறு குளங்கள், பீவர் என்னும் கொறிவிலங்கு அணைகட்டித் தேக்கிய நீர்நிலைகள்தான் அதன் மேய்ச்சலிடம். விடியலில் போய்ப் பாருங்கள். தண்ணீர் கலங்கி, அல்லித் தண்டுகள் பிய்ந்து மிதந்தால் சற்றுமுன் மேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். குட்டியோடிருக்கும் தாய்தான் ஆபத்து. காதைப் பின்னால் மடித்து, பிடரிமயிரைச் சிலிர்த்தால் பாய்ந்துவிடும். கரடியிடமிருந்து ஓடக்கூடாது, மூஸிடமிருந்து தாராளமாக ஓடலாம். தடித்த மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள்.

கேள்வி: கரையோரம் ஒரு லூன் பறவை கழுத்தை நீட்டித் தரையோடு படுத்திருந்தது. அடிபட்டதா?

பதில்: பெரும்பாலும் அடைகாக்கிறது. கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் அதற்குச் சரியாக நடக்க வராது; கூட்டை நீர்விளிம்பிலேயே கட்டும். நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்பதைத்தான் அப்படிப் படுத்துக் காட்டுகிறது. சத்தமில்லாமல் படகைப் பின்வாங்குங்கள். அது எழுந்து போனால் முட்டை குளிர்ந்துவிடும். தூண்டில் போடுவதாக இருந்தால் ஈயக்குண்டு வேண்டாம், வெள்ளீயமோ எஃகோ போதும். அறுந்து விழுந்த குண்டைக் கூழாங்கல்லோடு சேர்த்து விழுங்கினால் ஒன்றே அதைக் கொன்றுவிடும்.