கரடியின் வாழ்க்கைச் சுழற்சி: நம் காட்டுக் கரடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் அஞ்செட்டி அருகே தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். கரடியின் வாழ்க்கைச் சுழற்சி பற்றி ஒரு வீடியோ காட்டினேன். "எங்க காட்டுக் கரடியும் பனிக்காலம் முழுக்கத் தூங்குமா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். இரண்டு பீரியடில் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: தூங்காது. பிள்ளைகள் கேட்ட அந்தக் கேள்வியிலேயே பாடத்தைத் தொடங்குங்கள். அதைவிட நல்ல தொடக்கம் அமையாது. குளிர் நாட்டுப் பழுப்புக் கரடி மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பதற்குக் காரணம், பனி மூடியபின் அதற்குத் தின்ன எதுவும் கிடைக்காது. உங்கள் பக்கத்துக் காவேரி வடக்கு வனஉயிரின சரணாலயத்தில் இருப்பது தேன்கரடி. கறையானும் எறும்பும் அதற்கு வருடம் முழுக்கக் கிடைக்கும். மார்கழி, தையில் இலந்தை, ஆனி, ஆடியில் நாவல். பிறகு ஏன் முடங்க வேண்டும்?

பட்டாம்பூச்சிக்கு முட்டை, புழு, கூட்டுப்புழு என்று படம் போட்டுப் பழகிய பிள்ளைகள் கரடிக்கும் உருவம் மாறும் என்று நினைக்கலாம். பிறக்கும்போதே அது கரடிதான், வளர்வது உடம்பும் திறமையும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிறகு மூன்று வருடக் காலண்டர் தாள்களை வரிசையாகச் சுவரில் ஒட்டுங்கள். ஒரே வட்டம் வரைந்து முடிக்க வேண்டாம்; கரடியின் கதை ஒரு வருடத்தில் அடங்காது. வெயில் காலத்தில் ஆணும் பெண்ணும் இணை சேரும். பெரும்பாலும் கார்த்திகையிலிருந்து தைக்குள் பாறைக் குகையில் குட்டி பிறக்கும். ஒன்று அல்லது இரண்டு, அபூர்வமாக மூன்று. எடை அரைக் கிலோகூட இருக்காது. அரைக் கிலோ பருப்பு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "இதைவிடக் கொஞ்சம் லேசு" என்று சொல்லுங்கள். தாயின் எடை ஐம்பது கிலோவுக்கு மேல் என்றதும் வகுப்பே வாயைப் பிளக்கும். கண் திறக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை தாய் குகையை விட்டு அதிகம் நகராது. இதைப் பனித்தூக்கம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மூன்று மாதத்தில் குட்டி வெளியே வரும், தாயின் முதுகில் ஏறிக்கொண்டு. நீளமான முடியைக் கெட்டியாகப் பிடித்தபடி மாதக்கணக்கில் இப்படியே சவாரி செய்யும். பாடத்தின் உயிர் இந்த இடம்தான், அவசரப்படாதீர்கள். முதுகில் துணிப்பொம்மையோடு ஒரு பிள்ளை நான்கு காலில் நடக்கட்டும். கறையான் தின்பதையும் நடித்துக் காட்டச் சொல்லுங்கள். வளர்ந்த தேன்கரடிக்கு மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கறையானை உறிஞ்சும். மண் போகாமல் மூக்கை மூடிக்கொள்ளவும் தெரியும். முன்பல் விழுந்த சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் ஓடி வந்து செய்து காட்டுவார்கள்.

காட்டுக்குள் அழைத்துப்போக வேண்டாம். பள்ளிக்கு அருகில் கறையான் புற்று இருந்தால் தள்ளி நின்று காட்டுங்கள், உள்ளே பாம்பு இருக்கலாம். ஆடு ஓட்டிக்கொண்டு காட்டோரம் போகும் பிள்ளைகளுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: சத்தமாகப் பேசிக்கொண்டே போக வேண்டும். திடீரென்று எதிரே ஆளைப் பார்த்தால்தான் கரடி பெரும்பாலும் தாக்கும். குட்டி தனியாகத் தெரிந்தாலும் தாய் பக்கத்தில்தான் இருக்கும். நெருங்காமல் வந்த வழியே திரும்பிவிட வேண்டும்.

தேர்வில் "நிலைகளை எழுதுக" என்று கேட்காதீர்கள். காலண்டரில் இரண்டாம் வருட மார்கழியைத் தொட்டு, "குட்டிக்கு இப்போது ஒரு வயது. தாய் புதுக் குட்டி போட்டிருக்குமா?" என்று கேளுங்கள். போட்டிருக்காது. குட்டி இரண்டு வயது தாண்டும்வரை தாயோடுதான் திரியும், எந்தப் புற்றைத் தோண்டுவது, எங்கே தண்ணீர் என்று பழகும். அது பிரிந்து போனபிறகுதான் தாய் மறுபடி இணை சேரும். மூன்று தாள் எதற்கு என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.