நாலு சக்கரம் ஆற்றங்கரையோடு சரி

கேள்வி: வணக்கம் அண்ணா. தீபாவளி முடிந்த கையோடு குடும்பமாகப் பகாங்கில் இருக்கும் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம், பிள்ளைகளோடு சேர்த்து எட்டுப் பேர். கோல தெம்பிலிங்கிலிருந்தே படகில் போகணும் என்கிறார் என் கணவர். காடு என்றால் ஃபோர் வீல் ஹைலக்ஸ்தான், என் வண்டியில் ஏறுங்கள் என்கிறார் என் அண்ணன். அம்மாவுக்கு 68 வயது, முப்பது வருஷம் பால் மரம் வெட்டிய உடம்பு, முட்டி வலி. எதில் போவது?
- வாசகி, பகாவ் பக்கத்துத் தோட்டம்

பதில்: தங்கச்சி, முதலில் அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், ஜெராண்டுட் டவுனிலிருந்து பூங்கா வாசலான கோல தாஹான் கம்பம் (கிராமம்) வரை நல்ல தார் ரோடு, சின்ன மைவி காரே போகும். வழியில் செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டமும் நிறைய வரும், நம் வாசலில் பார்ப்பது போதாது போல. கம்பத்துக்கு வந்ததும் ரோடு முடிந்துவிடும். பூங்கா அலுவலகமும் காடும் தெம்பிலிங் ஆற்றுக்கு அந்தப் பக்கம். வண்டியைக் கம்பத்தில் நிறுத்திவிட்டு, ஓரிரு வெள்ளி கொடுத்துச் சம்பான் என்கிற சின்னப் படகில் அக்கரை போக வேண்டியதுதான், ஹைலக்ஸ்காரருக்கும் அதே சம்பான்தான். ஃபோர் வீல் வண்டிக்கு வேலை இருக்கிற வாசலும் ஒன்று உண்டு, மெராப்போ பக்கம் சுங்கை ரெலாவ். அங்கே 2,187 மீட்டர் உயரத் தாஹான் மலை ஏறுகிறவர்களைக் கோல ஜூராம் வரை பதின்மூன்று கிலோமீட்டர் காட்டுப் பாதையில் அப்படிப்பட்ட வண்டியில்தான் கொண்டுபோய் விடுகிறார்கள். அம்மாவை வைத்துக்கொண்டு உங்களுக்கு அந்த வாசல் எதற்கு?

அடுத்து உங்கள் வீட்டுக்காரர். அவர் ஆசை நியாயமான ஆசை, நானும் அப்படித்தான் ஒருமுறை போனேன். கோல தெம்பிலிங்கிலிருந்து ஆற்றில் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், எதிர்நீச்சலில் மூன்று மணி நேரம் வரை ஆகும். முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம், கரையில் எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும், மீன்கொத்தி பறக்கும், எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். அப்புறம் யாரும் படம் பிடிக்க மாட்டார்கள். நீளப் படகில் தாழ்வான பலகையில் காலை முன்னால் நீட்டித்தான் உட்காரணும், எழுந்து நிற்க முடியாது. மழை இல்லாத மாதம் என்பதால் இரண்டு இடத்தில் படகு மணலில் தட்டி, ஆம்பளைகள் இறங்கித் தள்ளினோம். எனக்கே மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது, அம்மாவின் முட்டிக்கு இது வேண்டாம். அந்தப் படகு எல்லா நாளும் ஓடுகிறது என்று நம்பிப் போகவும் கூடாது, புறப்படுமுன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளணும்.

அதனால் போகும்போது ரோடு. எட்டுப் பேருக்கு ஒரு வேன் எடுத்தால் எல்லாரும் ஒன்றாகப் போகலாம், அண்ணன் கோபித்துக்கொண்டால் அவர் வண்டியும் இன்னொரு காரும். ஜெராண்டுட்டில் எண்ணெய் நிரப்பி, கைக்காசும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் மிச்சமாகும் பணத்தைக் காட்டுக்குள் படகுக்குச் செலவழியுங்கள், அதுதான் நான் சொல்ல வந்தது. கோல தாஹான் பக்கம் அக்கரை போனால் கால் அல்லது படகு, மூன்றாவது வழி கிடையாது. லாத்தா பெர்க்கோ அருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து போனால் போக மட்டும் எட்டு கிலோமீட்டருக்கு மேல், வேர் தடுக்கும், அட்டை ஏறும். தாஹான் ஆற்றில் சின்னப் படகில் போனால் உங்கள் அம்மாவே போய்வரலாம், கடைசியில் மட்டும் கொஞ்ச தூரம் கையைப் பிடித்துக் கூட்டிப் போகணும். எனக்கு அந்தக் காட்டிலேயே பிடித்த இடம் அந்த ஆறுதான். பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் தெளிந்த தண்ணீர், இரண்டு கரை மரமும் தலைக்கு மேல் கைகோத்த மாதிரி வளைந்து நிற்கும், வெயிலே விழாது. இன்ஜினை அணைக்கச் சொல்லி ஐந்து நிமிஷம் சும்மா இருந்து பாருங்கள். படகில் நாலு பேர்தான் ஏறலாம், ஆகவே உங்களுக்கு இரண்டு படகு.

விலையைத் தலைக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், படகுக்கு எவ்வளவு, காத்திருந்து திரும்பக் கூட்டி வருவதும் அதில் சேர்த்தியா என்று ஏறுமுன் கேளுங்கள். கேட்காமல் ஏறியதால் எங்களை இறக்கிவிட்டு ஒருத்தர் போயேவிட்டார், வேறொரு குடும்பத்தின் படகில் பல்லை இளித்துக்கொண்டு திரும்பினோம்.

நாற்பது மீட்டர் உயரத்து மரக்கிளைத் தொங்குபாலத்துக்குப் பிள்ளைகளை நீங்கள் கூட்டிப் போங்கள், அம்மா மிதக்கும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்கட்டும். குவா தெலிங்கா குகை அவருக்கு ஆகாது, வௌவால் எச்சத்தில் குனிந்தும் தவழ்ந்தும் போகணும்.

தேதியை மட்டும் மாற்றுங்கள். தீபாவளி முடிந்தால் அந்தப் பக்கம் அடைமழைக் காலம் தொடங்கிவிடும், ஆறு பெருகினால் படகே எடுக்க மாட்டார்கள். மார்ச் மாதத்துக்குப் பிறகு போங்கள்.

கேள்வி: நண்பர்கள் நாலு பேர், கார் இல்லை. பஸ் மாறி மாறிப் போகணுமா?
- கல்லூரி மாணவர், பகாவ்

பதில்: தம்பி, உங்கள் ஊர் ஸ்டேஷனையே மறந்துவிட்டீர்களே! கெமாஸிலிருந்து தும்பாட் போகும் தண்டவாளம் பகாவ் வழியாகத்தான் போகிறது, மெந்தகாப் தாண்டினால் ஜெராண்டுட். இரவு ரயில் என்றால் விடியாத நேரத்தில் இறக்கிவிடும், வெளிச்சம் வரும்வரை ஸ்டேஷனிலேயே இருங்கள். இருட்டில் வந்து பேசுகிறவர் சொல்லும் விலை பகல் விலையாக இருக்காது. அங்கிருந்து கோல தாஹானுக்கு இன்னும் எழுபது கிலோமீட்டர் அளவு இருக்கிறது. நாலு பேர் என்பதால் ஒரு காரைப் பேசிப் பங்கு போட்டுக்கொண்டால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரைநாள் மிச்சம். மழைக் காலத்தில் இந்த ரயிலையும் நம்ப வேண்டாம். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தான் கெமுபுவில் நெங்கிரி ஆற்று ரயில் பாலமே அடித்துக்கொண்டு போனது.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் போகலாமா?
- பெயர் வேண்டாம் (அப்பா படிப்பார்)

பதில்: பகலில் போகலாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் எப்படி ஓட்டணும் என்று தோட்டத்துப் பிள்ளைக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இருட்டிய பிறகு அந்த ரோட்டில் வேண்டாம், விளக்கும் கிடையாது, பஞ்சர் ஆனால் கடையும் கிடையாது. அப்பாவிடம் சொல்லிவிட்டே போங்கள்.