விற்பனைப் பதிவில் சொந்தக் கதையை எழுதுவது ஏமாற்று வேலையா?

வீட்டில் செய்யும் ஏதோ ஒரு பொருளை இப்போதுதான் விற்க ஆரம்பித்திருப்பீர்கள், யாரோ ஒருவர் "அழுகாச்சிக் கதை எழுதி விற்காதே" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஊர் உடன்குடி பக்கம். அப்பா பனையேறி, அம்மா விடிலியில், அதாவது காய்ச்சுவதற்கென்றே போட்ட ஓலைக் குடிசையில், பதனீர் காய்ச்சுவார். 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இனி நாமே நேரடியாக விற்கலாம் என்று ஃபேஸ்புக்கில் எழுதத் தொடங்கினேன். "கலப்படமற்றது, பாரம்பரிய முறையில் செய்தது" என்று போட்டேன். சீனி கலந்து விற்பவரும் அதையேதான் போடுகிறார். ஒரு வாரத்தில் மூன்று கிலோ போனது, அதுவும் சொந்தக்காரர்களுக்கு.

அப்புறம் ஒருநாள் அம்மா காய்ச்சும்போது பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததை அப்படியே எழுதினேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதனீர் வேண்டும். கொதிக்கும் பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துத்தான் அம்மா இறக்குவார். சிரட்டையில் ஊற்றும்போது பாகு தெறித்துத் தெறித்து அவர் மணிக்கட்டெல்லாம் தழும்பு. "பதம் தப்பிச்சின்னா உங்கப்பா ஏறுனதெல்லாம் வீணாப் போயிரும்ல" என்று அம்மா சொன்னதையும் சேர்த்தேன். இரண்டு நாளில் நாற்பது கிலோ.

அந்தத் தெம்பில், விளம்பரம் எழுதக் கற்றுத்தரும் இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். 1926-ல் அமெரிக்காவில் ஜான் கேப்பிள்ஸ் எழுதிய பியானோ விளம்பரத்தைக் காட்டினார்கள். நண்பர்கள் கேலி செய்ய, பியானோ முன் உட்கார்ந்தவர் வாசித்து அசத்திவிடுவார். தபாலில் இசை கற்றுத்தரும் பாடத்தை விற்க எழுதியது. கதையின் பலம் புரிந்தது. "உங்களுக்கு அதிகம் வலித்த இடத்தை எழுதுங்கள்" என்றார்கள். எழுதினேன். அப்பா பனையிலிருந்து விழுந்து கால் முறிந்தது நிஜம். ஆனால் "நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கிலோவும் அப்பாவின் மருந்துக்கு" என்று முடித்தேன். கால் குணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது.

சரக்கு ஒரே நாளில் தீர்ந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டான். "என் காலக் காட்டியா காசு கேட்ட? நான் இன்னும் ஏறிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. பதிவை நீக்கி, வாங்கியவர்களிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தேன். அந்தப் பதிவால் வந்தவர்களில் திரும்ப வாங்கியவர் இரண்டே பேர். அம்மாவின் பதத்தைப் படித்து வந்தவர்கள் வருஷாவருஷம், "அம்மா காய்ச்ச ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்கிறார்கள்.

உணர்ச்சியைக் கலப்பதே தவறு, விலையும் எடையும் போதும் என்று சிலர் கீழே எழுதுவார்கள். சீனி கலந்ததும் எங்களுடையதும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். காய்ச்சிய கையைப் பற்றிச் சொல்லாமல், வாங்குபவர் வேறு எதை வைத்து நம்புவார்? நான் பொய்யை நியாயப்படுத்தவில்லை. இப்போதெல்லாம் எதை எழுதினாலும் அதில் வருபவரிடம் முதலில் வாசித்துக் காட்டுகிறேன். அவர் முகம் சுருங்கினால் அந்த வரி போகாது. நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. அப்பா பாட்டத்துக்கு (குத்தகைக்கு) ஏறிய மரங்களில் பன்னிரண்டு போன மாதம் செங்கல் சூளைக்குப் போய்விட்டன. லாரி ராத்திரியில் வந்தது. ஒரு பனை காய்ப்புக்கு வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தப் பங்குனியில் எங்களிடம் சரக்கு குறைவாகத்தான் இருக்கும். வழக்கமாக வாங்குபவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு மரத்தைப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் வாசித்துக் காட்டியாயிற்று.