மூட்டு முறிந்த பொம்மை வீரர்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஆறு அங்குல உயரமுள்ள சூப்பர்ஹீரோ ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையைத் திருப்பியதுமே, தோள் மூட்டின் முளை முறிந்து, அதில் பாதி உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. உடனடிப் பசை போட்டு ஒட்டினேன், மறுநாளே விட்டுப்போயிற்று. வேறு வழி உண்டா?
– வாசகர், திருச்சி

பதில்: விட்டுப்போனதில் வியப்பில்லை. சயனோஅக்ரிலேட் வகையைச் சேர்ந்த உடனடிப் பசை, ஒட்டிய இரு பரப்புகளை நேராக இழுத்தால் ஓரளவு தாங்கும். ஆனால் காய்ந்தபின் நெகிழ்வே இல்லாமல் இறுகிவிடுவதால், முறுக்கினாலோ பக்கவாட்டில் நெம்பினாலோ விரிசல் விட்டுவிடும். தோள் மூட்டின் மேல் விழுவதோ பெரும்பாலும் இந்த இரண்டு விசைகள்தாம். போதாக்குறைக்கு, மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டமே உள்ள முளையின் முறிந்த முகத்தில் பசைக்குக் கிடைக்கும் இடமும் மிகக் குறைவு. எனவே சுமையைத் தாங்கும் வேலையை ஓர் உலோகக் கம்பியிடம் ஒப்படைத்து, அந்தக் கம்பி நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டும் பசைக்குக் கொடுக்க வேண்டும்.

உடலுக்குள் சிக்கிய துண்டை முதலில் வெளியே எடுக்க வேண்டும். அதைச் சுற்றி உறைந்திருக்கும் பழைய பசையைக் கூர்மையான கத்தி முனையால் சுரண்டிவிட்டு, கை தாங்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் அந்தப் பகுதியை ஓரிரு நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். குழியின் சுவர் இளகிக்கொடுக்கும். பிறகு துண்டின் நடுவில் சிறு துளையிட்டு, மூக்குக் கண்ணாடிக்குப் போடும் அளவிலான ஒரு சிறு திருகை அதற்குள் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி, திருகின் தலையைக் குறடால் பற்றி நேராக இழுத்தால் துண்டும் கூடவே வரும். திருகை அதற்கு மேல் ஏற்றினால் துண்டு விரிந்து குழியை இன்னும் இறுக்கிக்கொள்ளும்.

அடுத்தது கம்பி பொருத்துவது. முறிந்த முகங்களை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்த மேடுபள்ளங்கள்தாம் இரு துண்டுகளும் சரியாகப் பொருந்துவதற்கு அடையாளம். ஒரு முகத்தின் நடுவில் ஊசி முனையளவு பெயின்ட் வைத்து, அது காய்வதற்குள் மற்ற முகத்தோடு அழுத்தி எடுத்தால், இரண்டிலும் துளையிட வேண்டிய இடம் நேருக்கு நேர் பதிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் பிட்டை, மின்சார டிரில்லில் அல்லாமல், விரல்களுக்கிடையே உருட்டும் கைத்துளைப்பானில் மாட்டிக்கொள்ளுங்கள். மின்சார டிரில்லின் வேகத்தில் பிளாஸ்டிக் சூடேறி உருகி, பிட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும், துளையும் கோணிப்போகும். நான்கு சுற்றுக்கு ஒருமுறை பிட்டை வெளியே எடுத்துத் துருவலைத் துடைத்துவிட்டு, பக்கத்துக்கு நான்கு ஐந்து மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்குங்கள். காகிதக் கிளிப்பை நிமிர்த்திய கம்பியே இதற்குப் போதும். மழமழப்பு போகும்படி உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ள வேண்டும். முதலில் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, இரு முகங்களும் இடைவெளியின்றிச் சேர்கின்றன என்று உறுதியானபின், ரெசினும் ஹார்டனரும் தனித்தனிக் குழாய்களில் வரும் எபாக்ஸி பசையைச் சமஅளவில் குழைத்து, பல்குத்தும் குச்சியால் துளைக்குள் விடுங்கள். அசைய வேண்டிய பகுதிகளில் முன்னதாகவே வாஸ்லீனை மெலிதாகத் தடவி வைத்தால், வழிந்த பசை அங்கே பிடிக்காது. தொட்டுப் பார்க்கக் காய்ந்தது போலிருந்தாலும், ஒரு முழு நாள் கழியும்வரை கையைத் திருப்ப வேண்டாம்.

இந்த முறை ஏ.பி.எஸ். வகைப் பிளாஸ்டிக்குக்கும், கடினமான பி.வி.சி.க்கும் நன்றாக ஒத்துவரும். பாலிப்ரோப்பிலீன், அசிட்டால் போன்ற வழவழப்பான பிளாஸ்டிக்குகளில் வீட்டில் கிடைக்கும் எந்தப் பசையும் உருப்படியாகப் பிடிப்பதில்லை. முறிந்த துணுக்கைத் தண்ணீரில் போட்டு, காற்றுக்குமிழி ஒட்டாதபடி விரலால் அழுத்திப் பாருங்கள். அது மிதந்தால் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் என்று கொள்ளலாம். அசிட்டால் மூழ்கிவிடும் என்பதால், அதை மெழுகு தடவியது போன்ற வழுக்கலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இவற்றில் துளையைக் கம்பியைவிட ஒரு நூலிழை சிறிதாகப் போட்டு, கம்பியை அழுத்திச் செருகி, அந்த இறுக்கத்தையே நம்புவது நல்லது.

புதிய பொம்மையில் முளை முறிவதற்குப் பெரும்பாலும் காரணம், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் மூட்டுக்குள் இறங்கிக் காய்ந்து, இரு பகுதிகளையும் ஒட்டிவிடுவதுதான். இனிமேல் புதிதாக வாங்கும் எதையும், முதல்முறை அசைக்கும் முன்பு வெந்நீரிலோ ஹேர் டிரையரின் மிதமான சூட்டிலோ காட்டிவிட்டுத் திருப்புங்கள்.

கேள்வி: என் அண்ணன் சிறுவயதில் விளையாடிய ஜி.ஐ. ஜோ பொம்மைகள் பரணில் கிடைத்தன. எல்லாமே இடுப்பில் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. எங்கே உடைந்தது என்றே தெரியவில்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பிளாஸ்டிக்கில் எதுவும் உடைந்திருக்காது. 1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் வெளியிட்ட முதல் ஜி.ஐ. ஜோ பன்னிரண்டு அங்குல உயரமுடையது. 1982-இல் அதையே மூன்றே முக்கால் அங்குலத்துக்குச் சுருக்கியபோது, உடலையும் கால்களையும் இணைக்க ஓ-ரிங் எனப்படும் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். ரப்பர் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து வெடித்துவிடுகிறது. உடனே பொம்மை இரண்டாகிறது. இந்தியாவில் உரிமம் பெற்று இவற்றைத் தயாரித்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபன்ஸ்கூல் என்பதால், உங்களிடம் இருப்பவையும் அநேகமாக அவைதாம். வேறெங்கும் வராத வண்ணச் சேர்க்கைகள் சில அவற்றில் உண்டு. அதற்காகவே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். ஆகவே பசைக்குப்பியைத் தயவுசெய்து தள்ளி வைத்துவிடுங்கள்.

முதுகில் ஒரே ஒரு திருகு இருக்கும். அதன் தலைக்குச் சரியாகப் பொருந்தும் சிறிய நட்சத்திர முனைத் திருப்புளியால் கழற்றினால் முதுகு ஓடு தனியே வந்துவிடும். தலையும் கைகளும் அவிழ்ந்து விழும் என்பதால் ஒரு தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள். இரு கால்களையும் சேர்க்கும் உலோகத் துண்டில் ஒரு கொக்கி உண்டு. புதிய ஓ-ரிங்கை அந்தக் கொக்கியில் மாட்டி, இடுப்புத் துண்டின் துளை வழியாக மேலே இழுத்து, மறுமுனையை நெஞ்சுக்குள் இருக்கும் தண்டில் மாட்ட வேண்டும். ஓ-ரிங் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். பழைய ரிங்கின் துண்டையும் பொம்மையையும் கையோடு கொண்டுபோய், அதே தடிமனில் பார்த்து வாங்குங்கள்; தடித்த ரிங்கைப் போட்டு ஓடுகளை வலிந்து மூடினால், இதுவரை உடையாத பிளாஸ்டிக் அப்போது உடையும்.

திருகை மீண்டும் முடுக்குவதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். துளையில் வைத்ததும் வலப்பக்கம் முடுக்காமல், முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய மரைக்குள் திருகு இறங்கும்போது ஒரு சிறு சொடுக்கு கைக்குத் தெரியும். அதன்பிறகு வலப்பக்கம் சுற்றி, ஓடுகள் சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னொன்று: இந்தப் பொம்மைகளின் கட்டைவிரல் எளிதில் ஒடியும். துப்பாக்கியைக் கையில் திணிக்கும் ஆசை அண்ணனுக்கு இன்னும் இருந்தால், கையை வெந்நீரில் காட்டிய பிறகு திணிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முழங்கால் மூட்டுகள் தளர்ந்து, பொம்மை நிற்கவே மாட்டேன் என்கிறது. நகப்பூச்சு தடவினால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: செய்பவர்கள் உண்டு, எனக்கு அது உவப்பில்லை. நகப்பூச்சில் உள்ள கரைப்பான் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கை இளக்கக்கூடியது. நீரில் கரையும் வெள்ளை மரப்பசையே பாதுகாப்பானது. மூட்டைக் கழற்ற முடிந்தால் குமிழின் மேல் மெல்லிய பூச்சாகத் தடவி, நன்றாகக் காய்ந்து நிறமற்றுப் போனபின் மாட்டுங்கள். போதாவிட்டால் இன்னொரு பூச்சு கொடுங்கள். கழற்ற முடியாத மூட்டானால், ஊசி முனையால் ஒரு துளியை இடுக்கில் விட்டு, காயும்வரை இடையிடையே மூட்டை அசைத்துக்கொண்டே இருங்கள். பிடிக்காவிட்டால் வெந்நீரில் ஊறவைத்து எடுத்துவிடலாம் என்பது இதில் உள்ள வசதி. முளை உருளையாக இருந்தால், பிளம்பர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பில் ஒரு சுற்று போதும்.

கேள்வி: முழங்கையை ஒட்டப்போய் பசை உள்ளே இறங்கி, மூட்டு அசையாமல் போய்விட்டது. அசிட்டோன் விட்டால் கரையுமா?
– வாசகர், வேலூர்

பதில்: பசை கரையும், கூடவே பெயின்டும் பிளாஸ்டிக்கும் கரையும். அசிட்டோன் வேண்டாம். பொம்மையை ஒரு பையில் போட்டு, ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் சில மணிநேரம் வையுங்கள். குளிரில் உடனடிப் பசை மேலும் நொறுங்கும் தன்மை அடையும். எடுத்தவுடன், முன்னும் பின்னுமாக மிகச் சிறிய அசைவுகள் கொடுத்தால் பசைப்படலம் விட்டுக்கொடுக்க வாய்ப்புண்டு. குளிரில் பிளாஸ்டிக்கும் விறைத்திருக்கும் என்பதால் வேகமாக முறுக்கக் கூடாது. அசையவில்லையென்றால் மறுபடியும் உள்ளே வைத்து எடுங்கள்.

கேள்வி: கம்பி வைத்துச் சரிசெய்த பொம்மையை இரண்டு வயதுப் பேரனிடம் விளையாடக் கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கொடுக்க வேண்டாம். மூட்டு மறுபடி விட்டால், விழுங்கக்கூடிய சிறு துண்டும் கூரிய கம்பி முனையும் ஒரே நேரத்தில் குழந்தையின் கைக்கு வரும். அவன் வளரும்வரை அது அலமாரியில் நிற்கட்டும்.