வாசகர் கேள்வி-பதில்: விளைச்சல் பெருகும் ஊரில் ஆள் குறைவது ஏன்?

கேள்வி: மருத்துவரான என் மகளுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் ‘வீட்பெல்ட்’ எனப்படும் கோதுமை வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. பெர்த் நகரத்தை விட்டு ஏன் அவ்வளவு தொலைவுக்கு அனுப்புகிறார்கள்? அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? – வாசகர், ஈரோடு

பதில்: முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். பெர்த்தின் வடக்கிலும் கிழக்கிலும் தென்கிழக்கிலும் பரந்து கிடக்கும் அந்த வட்டாரத்தின் பரப்பு ஏறத்தாழ 1,55,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைவிடப் பெரியது. அங்கே வசிப்பவர்களோ சுமார் 75,000 பேர்தான். இவர்களை நாற்பதுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் ஆயிரம் பேர்கூட இல்லை.

வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர், நோயாளிக்கான கட்டணத்தை மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டிலிருந்து பெற விரும்பினால், பொதுவாகப் பத்து ஆண்டுகள் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் பணியாற்ற வேண்டும் என்பது ஆஸ்திரேலியச் சட்டம். சிற்றூர்களில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படித்த மருத்துவர்களைக் காண முடிவதற்கு இதுவே பெருங்காரணம். மருத்துவர் வந்து தங்க வேண்டும் என்பதற்காக உள்ளாட்சியே வீடும் காரும் தருவது அங்கே வழக்கம். சிறு மருத்துவமனையும் முதியோர் இல்லமும் ஒரே கூரையின்கீழ் இயங்கும். ஆம்புலன்ஸை ஓட்டி வருபவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர். காலையில் பள்ளியில் பாடம் நடத்தியவரோ, வயலில் டிராக்டர் ஓட்டியவரோ அவராக இருக்கலாம். நிலைமை கைமீறினால், 1928இல் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் குளோன்கரியில் ஜான் ஃபிளின் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் வந்து நோயாளியைப் பெர்த்துக்குக் கொண்டுபோகும். தங்கள் மகளுக்கு அங்கே வேலைப்பளுவைவிடத் தனிமைதான் கடினமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: நல்ல விளைச்சல் உள்ள பகுதியில் மக்கள்தொகை குறைகிறது என்பது முரணாக இருக்கிறதே? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நம் டெல்டாவை மனத்தில் வைத்துப் பார்த்தால் முரணாகத்தான் தோன்றும். அங்கோ, விளைச்சல் பெருகிய விதமே ஊரைக் காலி செய்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலம், ஒவ்வொரு விலைச்சரிவிலும் ஒவ்வொரு வறட்சியிலும் அக்கம்பக்கத்தாரிடம் கைமாறிக் கைமாறி, இன்று ஒரே குடும்பம் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் பயிரிடும் நிலைக்கு வந்திருக்கிறது. செயற்கைக்கோள் வழிகாட்டும் டிராக்டரையும் அகன்ற அறுவடை இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு தந்தை, மகன், ஓரிரு கூலியாட்கள் அத்தனையையும் முடித்துவிடுகிறார்கள். போர்வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளான ஏப்ரல் 25ஐ ஒட்டி விதைப்பு தொடங்கும். ஆண்டு இறுதியில் அறுவடை. விவசாயிகளே 1933இல் தொடங்கிய சிபிஹெச் கூட்டுறவு தானியத்தை வாங்கிச் சேமித்து ஏற்றுமதி செய்கிறது. 2022-23 பருவத்தில் அதன் கிடங்குகளுக்கு 2 கோடி டன்னுக்கும் மேல் வந்து சேர்ந்தது.

ஆனால் பத்துப் பண்ணைகள் ஒன்றானால் ஒன்பது குடும்பங்கள் வெளியேறுகின்றன என்று பொருள். அவர்களுடைய பிள்ளைகள் போவதால் பள்ளி ஓர் ஆசிரியரை இழக்கிறது. அந்த ஆசிரியரின் கணவர் மெக்கானிக்காக இருந்தால் பட்டறையும் மூடப்படுகிறது. ஆஸ்திரேலிய பாணிக் கால்பந்து அணிக்குப் பதினெட்டுப் பேர் தேறாததால், அது இதுவரை எதிரணியாக இருந்த பக்கத்து ஊரோடு இணைகிறது. (அணிகளின் இணைப்பை வங்கிக் கிளை மூடப்பட்டதைவிடப் பெரிய துக்கமாகவே அவ்வூரார் கொள்கிறார்கள், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, சனிக்கிழமை ஆட்டம்தான் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் நாள்.) பல ஊர்களில் பத்தாம் வகுப்புவரைதான் படிக்க முடியும். அதற்குமேல் பெர்த்தில் விடுதியில் தங்க வேண்டும், அல்லது கண்டர்டின், நாரொஜின் போன்ற ஊர்களின் வேளாண் கல்லூரிகளில் சேர வேண்டும். அப்படிப் போன இளைஞர்களைச் சுரங்க நிறுவனங்களின் சம்பளம் இழுத்துக்கொள்கிறது. முதியவர்களோ மருத்துவ வசதி தேடிக் கடற்கரை ஊர்களுக்குப் போகிறார்கள்.

கேள்வி: அங்கே நதிப் பாசனம் உண்டா? – வாசகர், மேட்டூர்

பதில்: இல்லை. கிழக்குப் பகுதியில் ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் அளவே பெய்யும் மழையை நம்பியே பயிர் நிற்கிறது. 1970களிலிருந்து அந்தக் குளிர்கால மழையும் குறைந்துவருகிறது. குடிநீர் வருவது, பொறியாளர் சி. ஒய். ஓ’கானர் வடிவமைத்து 1903இல் திறக்கப்பட்ட குழாய் வழியாக. கால்கூர்லி தங்க வயலுக்காக 500 கிலோமீட்டருக்கும் மேல் நீரை இறைத்துச் செல்லும் அந்தக் குழாய், வழியிலுள்ள ஊர்களையும் பண்ணைகளையும் வாழவைத்தது. அது எட்டாத இடங்களில் கூரை மழைநீர்த் தொட்டிகளும் குட்டைகளும்தான்.

தண்ணீரைவிட மோசமான சிக்கல் உவர்ப்பு. ஆழ வேர்விடும் யூகலிப்டஸ் காடுகள் மழைநீரை உறிஞ்சிக்கொண்டவரை, மண்ணின் அடியில் தேங்கியிருந்த உப்பு அடியிலேயே கிடந்தது. காட்டை வெட்டிக் கோதுமை விதைத்தபின் நிலத்தடி நீர் உயர்ந்து உப்பையும் மேலே கொண்டுவந்தது. நீராவி எஞ்சின்களுக்கான நீர் உவர்ப்பாவதைக் கவனித்த உட் என்ற ரயில்வே பொறியாளர் 1924லேயே இதை எழுதிவைத்தார். அதற்குப் பின்னும், 1960களில், ஆண்டுக்குப் பத்து லட்சம் ஏக்கர் காட்டு நிலத்தை விவசாயத்துக்கு விடுவதே அரசின் கொள்கையாக இருந்தது. அந்தக் காட்டிலிருந்து முதலில் விரட்டப்பட்டவர்கள் நூங்கார் பழங்குடியினர். அவர்களுடைய நில உரிமை பற்றிய உடன்பாடு 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: வெளியிலிருந்து வருபவர்களை இத்தகைய ஊர்கள் ஏற்றுக்கொள்கின்றனவா? – வாசகி, மதுரை

பதில்: ஆள் தேவை இருக்கும் இடத்தில் ஏற்பும் எளிதாகவே வருகிறது. கட்டானிங் ஊரின் ஹலால் இறைச்சிக்கூடத்தில் வேலை செய்ய 1970களில் இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவிலிருந்து மலாய்க் குடும்பங்கள் வந்தன. இன்று அங்கே மசூதியும் உண்டு, மலாய் உணவும் உண்டு. அறுவடைக் காலத்தில் ஐரோப்பிய இளைஞர்கள் வருகிறார்கள். ஓராண்டு விடுமுறை விசாவை நீட்டித்துக்கொள்ள பெருநகரங்களுக்கு வெளியே பண்ணை போன்ற வேலையில் மூன்று மாதம் கழிக்க வேண்டும் என்ற விதி அவர்களை வரவழைக்கிறது. ஆனால் வந்தவர்களில் தங்கிவிடுபவர்கள் சிலரே.

குவீன்ஸ்லாந்தின் பிலோயீலா ஊரைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இறைச்சிக்கூடமும் நிலக்கரிச் சுரங்கமும் உள்ள அந்தச் சிற்றூரில் வாழ்ந்த ஈழத்தமிழ்க் குடும்பம் ஒன்றை, 2018 மார்ச்சில் விடியற்காலையில் குடிவரவு அதிகாரிகள் பிடித்துச் சென்றார்கள். ஊரார் நான்கு ஆண்டுகளுக்கும் மேல் விடாமல் போராடினார்கள். அந்தக் குடும்பம் 2022 ஜூனில் பிலோயீலாவுக்கே திரும்பி வந்தது. ஆகஸ்டில் நிரந்தர விசாவும் கிடைத்தது.