மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைத் தடை செய்தது சரியா? மகசூல் பாதிக்காதா?

மகசூலைக் கேட்பதால் நீங்களும் காடு வைத்திருப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் பருத்திக்காரன்தான். மருந்தே கூடாது என்பவனும் இல்லை, இந்த வருஷமும் அடித்திருக்கிறேன். ஆகவே ‘ஏசியில் உட்கார்ந்து பேசாதே’ என்று யாரும் கிளம்பி வர வேண்டாம்.

எனக்கு அப்போது 19 வயது. மோனோ அடித்துக்கொண்டிருக்கும்போது தெளிப்பானின் முனை, அதாவது நாசில், அடைத்துக்கொண்டது. எல்லோரும் செய்வதுபோல கழற்றி வாயில் வைத்து ஊதினேன். துப்பிவிட்டு இன்னும் இரண்டு டேங்க் அடித்தேன். டேங்க் ஒழுகி முதுகில் சட்டை ஊறியிருந்தது. வரப்பேறியபோது வியர்த்துக் கொட்டியது, வெயில் என்று நினைத்தேன். அப்புறம் எச்சில் நிற்காமல் ஒழுகி, கண் மங்கிவிட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்ததுமே, "என்ன மருந்துப்பா அடிச்சே?" என்றார். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்ததாம். விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஏற்றியதில் பிழைத்தேன். ஆனால் ராத்திரி முழுக்கப் பிதற்றல். செத்துப்போன தாத்தாவிடம் மாட்டு விலை பேசினேனாம்.

நான் மருந்தைக் குடித்துவிட்டேன் என்று ஊரே முடிவு கட்டியது. பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில் அந்தப் பேச்சு வந்து நின்றது. மூன்றாவது வீட்டில் அதுகூடப் பிரச்சினை இல்லை, விவசாயி என்பதுதான் பிரச்சினை. சொந்த நிலம் இருப்பவனைவிட மாதச் சம்பளக்காரன் மேலாம். சரி, அது வேறு கதை.

மூன்றாம் நாள் அப்பா காட்டுக்குப் போனால், ஓரத்தில் ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் செத்துக் கிடந்தன. மருந்து பட்ட புழுவைத் தின்றிருக்கும். 1995-96இல் அர்ஜென்டினாவில் இதே மோனோ அடித்த வெட்டுக்கிளிகளைத் தின்று, வலசை வந்த பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன.

‘பார்த்து அடித்தால் ஒன்றும் ஆகாது’ என்பார்கள். 2005லேயே காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்றார்கள், யார் கேட்டோம்? 2013இல் பீகாரில் மதிய உணவில் இது கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அதற்கப்புறமும் நாம் அடிக்கும் 36 சதவீத மோனோ திரவத்துக்குத் தடை வர 2023 ஆனது.

இலங்கை 1995லேயே நிறுத்திவிட்டது. அடுத்தடுத்து வேறு சில கொடிய மருந்துகளையும் நிறுத்தியதில் அங்கே தற்கொலைச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. அதனால் விளைச்சல் சரியவில்லை.

என் காட்டிலும் மோனோ இல்லாமல் மகசூல் குறையவில்லை. விலைதான் குறைந்தது, அதற்கு மோனோ என்ன செய்யும்?